முதல் சந்திப்பு, மெக்சிகன் சாப்பாடு: கடைத்தொகுதியா, ஆற்றங்கரையா, ஹாஜி லேனா?

இங்கே சிங்கப்பூரில், அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் இருக்கும் தம்பி போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியை நீட்டினான். செயலி வழியாகப் பழக்கமான ஒரு பெண், மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், வரும் சனிக்கிழமை இரவு முதல் முறையாக நேரில் பார்க்கப் போகிறார்கள். மெக்சிகன் சாப்பிடலாமா என்று அந்தப் பெண்ணே கேட்டிருக்கிறாள். இவன் மூன்று இடங்களைக் குறித்து வைத்திருந்தான்: வீட்டுக்குப் பக்கத்துக் கடைத்தொகுதியில் வரிசையில் நின்று புரிட்டோ வாங்குகிற கடை, ராபர்ட்சன் கீ ஆற்றங்கரையில் ஓர் உணவகம், ஹாஜி லேன் பக்கம் இன்னொன்று. "எது அக்கா நல்லா இருக்கும்?"

அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வியை இதற்கு முன்பும் இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் பேச்சு எங்கே சாப்பாடு ருசி என்பதிலேயே நின்றுவிடுகிறது. முதல் சந்திப்புக்கு ருசி இரண்டாவதாகப் பார்க்க வேண்டிய விஷயம். எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழுமா, அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பெயர் வேண்டாம், நகரத்துக்குள் ஓர் உணவகம், எங்கள் தலைக்கு நேர்மேலே ஒலிபெருக்கி. எதிரில் உட்கார்ந்திருந்தவர் பாதிச் சாப்பாட்டில் குனிந்து ஏதோ சொன்னார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துத் தலையாட்டினேன். அவர் கையில் இருந்த சிப்ஸை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். ரயில் நிலையத்துக்கு நடக்கும்போதுதான் தெரிந்தது, "அப்பா போய் நாலு மாசம்தான் ஆகுது" என்று சொல்லியிருக்கிறார். நான் விளக்கினேன், அவரும் பரவாயில்லை என்றார், கோபப்படவே இல்லை. ஆனால் அவ்வளவு மனம் விட்டு ஒன்றைச் சொல்லி அதற்கு ஒரு சிரிப்பு பதிலாகக் கிடைத்தால், மறுபடி அப்படி ஒன்றைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? நாங்கள் அதன் பிறகு சந்திக்கவில்லை.

சரி, இடங்களுக்கு வருகிறேன்.

கடைத்தொகுதிக் கடையைத் தம்பி கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னான், கஞ்சத்தனமாகத் தெரியுமோ என்று. அப்படி நினைக்க வேண்டியதே இல்லை. ஸ்டஃப்ட், குஸ்மன் ஒய் கோமஸ் மாதிரிக் கடைகள் தீவு முழுக்க இருக்கின்றன, வேலை முடிந்து இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் ஒரு நிலையத்தில் இறங்கினால் போதும், சேவைக் கட்டணம் கிடையாது, தேசிய சேவையில் இருக்கிற பையனும் பாலிடெக்னிக் படிக்கிற பெண்ணும் தயங்காமல் வாங்கலாம். இன்னொரு பெரிய வசதி, நேரம். ஒத்துவரவில்லை என்று இரண்டு பேருக்கும் பத்தாவது நிமிடமே தெரிந்துவிட்டால், முப்பதாவது நிமிடம் மரியாதையாக எழுந்து போய்விடலாம், பில்லுக்காகக் காத்திருக்கும் அந்தச் சங்கடமான கால் மணி நேரம் இருக்காது.

ஆனால் புரிட்டோ. எனக்கு மிகவும் பிடித்த சாப்பாடு, தனியாக இருக்கும்போது. வட மெக்சிகோவில் கோதுமை நன்றாக விளையும், அதனால் அந்தப் பக்கம் டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியை மைதா மாவில் பெரிதாகச் செய்வது வழக்கமாகி, அதில் உருட்டிக் கட்டியதுதான் புரிட்டோ. நம் ஊர்க் கடையில் அதற்குள் சோறு, பீன்ஸ், கறி, சல்சா எல்லாவற்றையும் வைத்து இறுக்கி அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள். ஒரு முறை கடித்துவிட்டால் கீழே வைக்க முடியாது, வைத்தால் பிரிந்து கொட்டும். இரண்டு கையும் மாட்டிக்கொள்ளும், வாய் எப்போதும் நிறைந்திருக்கும். ஒருவர் கேள்வி கேட்க மற்றவர் ஒரு விரலைத் தூக்கி "இரு" என்று காட்டிவிட்டு அரை நிமிடம் மெல்ல, அதற்குள் கேட்டவருக்கே கேள்வி மறந்துவிடும். அங்கேதான் போவதாக முடிவு செய்தால் கிண்ணத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள், அதே பொருள்தான், கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம். அப்புறம் சனிக்கிழமை ஏழு மணிக்குப் போகாதீர்கள், தட்டை ஏந்திக்கொண்டு உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு குடும்பமே காத்து நிற்கும்போது எந்தப் பேச்சும் வளராது. வார நாள் மாலைக்கு அது நல்ல இடம், அதிலும் ஒரு மணி நேரம் போதும் என்று இரண்டு பேரும் நினைத்தால் அதைவிட நல்லது இல்லை.

ராபர்ட்சன் கீ தம்பிக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது, படங்கள் அப்படி. சூப்பர் லோகோ அங்கே பல வருடமாக இருக்கிறது, திறந்த வெளியைப் பார்த்த மேசைகள், வண்ண விளக்கு, பக்கத்திலேயே ஆறு. அழகான இடம், அதில் சந்தேகமே இல்லை. நான் யோசிப்பது மூன்று விஷயங்களை.

முதலில் பில். இந்த மாதிரி உட்கார்ந்து சாப்பிடும் இடங்களில் பட்டியலில் உள்ள விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும், பலர் கவனிப்பதில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து 80 வெள்ளி என்று மனதில் கூட்டி வைத்திருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்து 88 ஆகும், அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 95 வெள்ளி 92 காசு. (2024 தொடக்கத்தில்தான் ஜிஎஸ்டி 8லிருந்து 9 ஆனது, பழைய கணக்கிலேயே இருப்பவர்கள் கவனிக்க.) இரண்டு மார்கரிட்டா சேர்த்தாலே 80 எட்டிவிடும். நூறு வெள்ளி செலவழித்தால்தான் மதிப்பு என்று யாரும் முதல் நாளில் எதிர்பார்ப்பதில்லை, ஆனால் நூறு வெள்ளி பில் வந்து ஒருவர் மட்டும் கட்டினால் மற்றவருக்கு அது பாரமாகிவிடும், அடுத்த முறை வர மனமில்லாவிட்டாலும் வந்தாக வேண்டுமோ என்று தோன்றும். அந்தப் பெண்ணின் மீது அப்படி ஒரு பாரத்தை ஏன் வைக்க வேண்டும் என்றுதான் நான் தம்பியிடம் கேட்டேன்.

இரண்டாவது மார்கரிட்டா. டெக்கீலா, எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சு மதுச்சாறு, கோப்பை விளிம்பில் உப்பு. குளிர்ந்து புளிப்பும் இனிப்புமாக இருப்பதால் சர்பத் மாதிரி இறங்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் வேகமாக இறங்கும். குடிப்பவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முதல் நாள் நீங்கள் நீங்களாக இருப்பது முக்கியம். குடிக்காதவர்கள் சும்மா தண்ணீரோடு உட்காரவும் வேண்டாம். ஹமைக்கா கிடைக்குமா என்று கேளுங்கள், நம் புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லியை ஊறவைத்துச் செய்யும் பானம் அது. ஒர்சாட்டா இருந்தால் இன்னும் நல்லது, அரிசியை ஊறவைத்து அரைத்துப் பட்டை சேர்த்தது. ஒரு வாய் குடித்ததும் "இது நம்ம வீட்டுப் பாயசம் ஆறிப்போன மாதிரி இருக்கே" என்று என் தோழி சொன்னாள், எனக்கு இப்போதும் அதைக் குடிக்கும்போது அந்த வாக்கியம் நினைவுக்கு வரும்.

மூன்றாவது, வானம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது, வெளி மேசையிலிருந்து எல்லோரும் உள்ளே ஓடினால் சத்தம் இரண்டு மடங்காகும்.

இத்தனையும் சொன்னாலும், சாப்பிட்ட பிறகு நடப்பதற்கு அந்த இடம் மாதிரி வேறு இல்லை. ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் போனால் அல்காஃப் பாலம், பழைய தொங்கான் படகு வடிவத்தில் கட்டியது, 2004இல் பிலிப்பீன்ஸ் ஓவியர் பசிதா அபாட் 55 வண்ணங்களில் அதைத் தீட்டினார். உடல் நலமில்லாத நிலையில் செய்த வேலை, அதே வருடக் கடைசியில் அவர் காலமானார். பாலத்தின் நடுவில் நின்று அவர் தீட்டிய வண்ண வட்டங்களைப் பார்த்துக்கொண்டு இதைச் சொன்னால், அதற்குப் பின் பேச்சு எங்கெங்கோ போகும். அங்கிருந்து டேங்க் ரோடு செட்டியார் கோயிலுக்கும் நடந்துவிடும் தூரம்தான். தைப்பூசத்துக்கு வருடா வருடம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த தெருவுக்கு இத்தனை பக்கத்தில் இப்படி ஒரு சாயங்காலம் இருக்கிறது என்பதே பல தமிழ்ப் பிள்ளைகளுக்கு விசேஷமாக இருக்கும். இந்த இடத்தை நான் இரண்டாவது, மூன்றாவது சந்திப்புக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

முதல் சந்திப்புக்கு என் ஓட்டு ஹாஜி லேன் பக்கத்துக்குத்தான்.

புகிஸ் நிலையத்தில் இறங்கி ஐந்தாறு நிமிடம் நடந்தால் போதும். யாராவது தாமதமாக வந்தால் காத்திருப்பவருக்குப் பார்க்க ஆயிரம் இருக்கின்றன, துணிக்கடை, அத்தர்க்கடை, சுவர் ஓவியங்கள், சுல்தான் பள்ளிவாசலின் தங்கக் கூரை. சந்தித்ததும் நேரே நாற்காலியில் எதிரெதிரே உட்கார வேண்டியதில்லை, முதலில் பத்து நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம், அந்தப் பத்து நிமிடத்தில் பாதிப் பதற்றம் போய்விடும். பியட்ரா நெக்ரா அந்த மூலையில் வெகுநாளாக இருக்கிறது, வெளிச்சுவர் முழுக்க வண்ணம் அப்பிய கடை, தேடவே வேண்டியதில்லை. விலை ஆற்றங்கரையைப் போல் பயமுறுத்தாது. ஒன்றே ஒன்று: இரவு ஏற ஏற அந்தத் தெருவில் பாட்டுச் சத்தமும் ஏறும், அதுவும் சனிக்கிழமை. அதனால் ஆறரை மணிக்கே போய்விட வேண்டும், வெளியே ஓரத்து மேசையாகக் கேட்க வேண்டும், எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்து எழுந்துவிட வேண்டும். பேச்சு தொடர்ந்தால் அரபு ஸ்திரீட்டில் எங்காவது இழுத்து ஆற்றிய தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டு தொடரலாம், தொடரவில்லை என்றால் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. நம் ஊரில் கடைகள் அடிக்கடி இடம் மாறும், அதனால் எந்தக் கடையாக இருந்தாலும் முன்கூட்டியே ஒரு போன் போட்டுவிடுங்கள்.

இடத்தைவிட என்ன கேட்டு வாங்குகிறோம் என்பது எனக்கு இன்னும் முக்கியமாகத் தோன்றுகிறது. டாக்கோ கேளுங்கள், சின்ன டோர்ட்டியாவில் கறியோ காய்கறியோ வைத்து மடித்தது. ஒரு தட்டில் மூன்று வரும், இரண்டு வகை சொல்லி நடுவில் வைத்துக்கொண்டால் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம், "இதைச் சாப்பிட்டுப் பாரு" என்று சொல்வதற்கே அங்கே ஒரு வாய்ப்பு. நாலு கடியில் முடிந்துவிடும், கடிக்கும் கடிக்கும் நடுவே பேசலாம். கையால்தான் சாப்பிட வேண்டும், அதில் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் போதும், டோர்ட்டியாவை மேலே லேசாகச் சேர்த்துப் பிடித்து, டாக்கோவைச் சாய்க்காமல் தலையைச் சாய்த்துக் கடிக்க வேண்டும். எப்படிப் பிடித்தாலும் எலுமிச்சையும் கறிச்சாறும் மணிக்கட்டு வரை ஒரு கோடு போட்டு வழியத்தான் செய்யும். அப்போது எதிரில் இருப்பவர் பையிலிருந்து டிஷ்யூ பாக்கெட்டை எடுத்துத் தானாக உங்கள் பக்கம் நகர்த்தினால், அந்த ஆளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில் கணிசமான பகுதி அங்கேயே தெரிந்துவிடும்.

எளிமையான இடத்துக்குக் கூட்டிப்போவதாக நினைப்பார்களோ என்ற கவலையும் வேண்டாம். டாக்கோ தெருவோரத்தில் நின்று சாப்பிடும் சாப்பாடு. மெக்சிகோ நகரத்தில் எல் கலிஃபா டி லியோன் என்று நின்றபடியே சாப்பிடும் சின்ன டாக்கோக் கடைக்கு 2024இல் மிச்செலின் நட்சத்திரம் கிடைத்தது, நம் உணவங்காடிக் கடைகளுக்கு 2016இல் கிடைத்த மாதிரியே. யுனெஸ்கோ பட்டியலில் மெக்சிகோவின் பாரம்பரியச் சமையல் 2010இல் சேர்ந்தது, நம் உணவங்காடிப் பண்பாடு 2020இல். இரண்டு ஊருக்கும் வரிசையில் நின்று சாப்பிடுவது பெருமை.

பேச என்ன இருக்கும் என்று தம்பி பயந்தான். மேசையில் இருப்பதைப் பார்த்தாலே போதும் என்றேன். மிளகாய் மெக்சிகோ பக்கத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக நமக்கு வந்தது, அதற்கு முன்னால் நம் காரம் மிளகுதான், அதனால்தான் புதிதாக வந்த காய்க்கு மிளகு போன்ற காய் என்று மிளகாய் என்றே பெயர் வைத்துவிட்டோம். தக்காளியும் அந்த மண்ணுதான். சப்போட்டா என்ற பெயரே அவர்களுடைய நவாட்டில் மொழியில் ட்ஸாபொட்ல் என்பதிலிருந்து வந்தது. அல் பாஸ்டோர் டாக்கோவின் கதை இன்னும் நன்றாக இருக்கும், லெபனானிலிருந்து மெக்சிகோவுக்குக் குடிபோனவர்கள் ஷவர்மா சுடும் செங்குத்துக் கம்பியை எடுத்துப்போனார்கள், அங்கே ஆட்டுக்கறி பன்றிக்கறியாக மாறி, அன்னாசித் துண்டும் சேர்ந்துகொண்டது. அரபு ஸ்திரீட்டில் உட்கார்ந்து அதைச் சொல்லும்போது எதிர்க்கடையிலேயே கபாப் சுட்டுக்கொண்டிருப்பார்கள். நாச்சோஸ் 1940களில் எல்லையோர ஊரான பியட்ராஸ் நெக்ராஸில் பிறந்தது. சமையல்காரர் இல்லாத நேரத்தில் பசியோடு வந்த பெண்களுக்காக இக்னாசியோ அனாயா என்பவர் கையில் கிடைத்த டோர்ட்டியா, பாலாடைக்கட்டி, ஹலபீனோ மிளகாயை வைத்துச் செய்து கொடுத்தார், இக்னாசியோவைச் செல்லமாக நாச்சோ என்று கூப்பிடுவார்கள், அதுவே பேராகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கக் கூடாது, ஒன்று சொல்லிவிட்டு அவள் வீட்டில் மிளகாய்ச் சட்னி யார் அரைப்பார்கள் என்று கேட்க வேண்டும்.

காரத்தில் வீராப்பு வேண்டாம். ஹலபீனோ நமக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் அபனேரோ மிளகாய் நம் சிலி பாடி என்கிற குட்டி மிளகாயைவிடக் காரம், பழ வாசனையாக இருக்கும், அதை நம்பி நிறைய ஊற்றிக்கொண்டால் அடுத்த பத்து நிமிடம் பேச்சே இருக்காது.

இனி கட்டாயம் முன்பே கேட்க வேண்டியது: அவள் என்ன சாப்பிடமாட்டாள்? மெக்சிகன் உணவில் சோளம், பீன்ஸ், அவகாடோ, காளான் எல்லாம் இருப்பதால் சைவத்துக்கு ஏற்றது என்று நினைத்துவிடுவோம், பாதி உண்மைதான். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அங்கே பழைய வழக்கம், மைதா டோர்ட்டியாவிலும் சேர்ப்பதுண்டு, சிவப்புச் சோற்றைக் கோழிச்சாற்றில் வேகவைப்பார்கள். இங்குள்ள கடைகளில் பல இடத்தில் எண்ணெய்தான், என்றாலும் கேட்டால்தான் தெரியும். புரட்டாசி மாதமாக இருந்தால் கேட்காமல் போகவே போகாதீர்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கார்னே அசாடா, பார்பகோவா என்ற பெயர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் மாடுதான். அதே கல்லில்தான் எல்லாம் சுடுகிறார்களா என்பது சிலருக்கு முக்கியம், தயங்காமல் கேட்கலாம். ஹலால் வேண்டுமென்றால் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள், "பன்றி இல்லை" என்ற பலகை மட்டும் இருந்தால் அது வேறு விஷயம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மக்காச்சோள டோர்ட்டியா வரப்பிரசாதம், சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட்டு அரைத்த மாவு, தட்டு வரும்போதே அந்த வாசனை தனியாகத் தெரியும்.

வீட்டிலேயே டாக்கோ செய்து கூப்பிடலாமா என்றும் தம்பி கேட்டான். சமைப்பவன், நல்ல பையன், ஆசையில் கேட்கிறான். ஆனால் இன்னும் முழுதாகத் தெரியாத ஒருவரின் வீட்டுக்கு முதல் நாளே வரச்சொல்வது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு யோசனை தரும் என்று அவன் நினைத்துப் பார்க்க வேண்டும். தவிர வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் அம்மா அப்பா கூடத்தில் இருக்க, சமையலறையில் என்ன பேசுவது. அது ஆறு மாதம் கழித்து.

நேற்று மாலை அவனிடமிருந்து செய்தி வந்தது. ஹாஜி லேன், ஆறரை மணி, வெளி மேசை கிடைத்துவிட்டது. அவளிடம் கேட்டானாம், மாடு சாப்பிடமாட்டாள், சனிக்கிழமை சைவம் வேறு. "காளான் டாக்கோ இருக்கும்ல அக்கா?" இருக்கும், ஆனால் பீன்ஸை எதில் வதக்குகிறார்கள் என்று கடைக்கு இப்போதே போன் போட்டுக் கேட்டுவிடு என்று எழுதினேன். கேட்டுவிட்டானாம், எண்ணெய்தானாம்.